பின் நாற்காலியில் யார்?

பள்ளியில் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புதிதாக வந்த பயிற்சி ஆசிரியர் அன்றைக்கு மட்டும் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவார். வெண்பலகை பளிச்சென்று துடைக்கப்பட்டிருக்கும். சுவரில் வண்ண அட்டைகள், மேசையில் மடிக்கணினி, ஒலிபெருக்கி. வகுப்பின் கடைசி நாற்காலியில் கோப்பும் பேனாவுமாக ஒரு விரிவுரைஞர் உட்கார்ந்திருப்பார். எப்போதும் சத்தம் போடும் மாணவன்கூட அன்று கையைத் தூக்கிவிட்டுத்தான் பேசுவான். யாரும் சொல்லாமலே வகுப்புக்குத் தெரியும், இன்றைக்கு டீச்சருக்குப் பரீட்சை என்று.

அந்தப் பரீட்சையை நானும் எழுதியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஒன்றில் 12 வாரம் பயிற்சி ஆசிரியராக இருந்தேன். எனக்கு அதிகப் புள்ளி வாங்கித் தந்த பாடம் எது என்று நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பாடத்தில் நான் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொண்டது வேறொரு நாளில், ஒரு சக ஆசிரியையோடு, வகுப்பு முடிந்த பிறகு. அந்த நாளுக்குப் புள்ளிப்பாரத்தில் இடமே இல்லை. இதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். எஸ்.பி.எம். முடித்துவிட்டு ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், இப்போது கழகத்திலோ பல்கலைக்கழகத்திலோ பயிற்சிக்குத் தயாராகிறவர்களுக்கும் இது பயன்படலாம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசிரியர் கல்விக் கழகத்தில் பட்டப்படிப்பின்போது கட்டம் கட்டமாகப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். பிராக்டிகம் என்றே எல்லாரும் சொல்கிறோம். பள்ளியில் ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருப்பார். கழகத்திலிருந்து விரிவுரைஞர் சில முறை வந்து பார்ப்பார். இருவரும் புள்ளி போடுவார்கள். மற்ற நாள்களில் நாம்தான் வகுப்பு நடத்த வேண்டும், நாள் பாடக்குறிப்பு எழுத வேண்டும், கடைசியில் சிந்தனை மீட்சி எழுத வேண்டும்.

நான் போன பள்ளியில் என்னை யாரும் வேற்றாளாக நடத்தவில்லை. முதல் நாளே ஆசிரியர் அறையில் மேசை தந்தார்கள். காலையில் யாராவது ஒருவர் நாசி லெமாக் பொட்டலம் நீட்டுவார். ஒரு ஐயா தன்னுடைய பழைய பயிற்றித் தாள்கள் அத்தனையையும் விரலியில் ஏற்றிக் கொடுத்தார். பயிற்சிக்குப் போன தோழிகள் சிலர் சொன்ன கதைகளோடு ஒப்பிட்டால் நான் கொடுத்துவைத்தவள். ஒரு தோழியை அவள் போன பள்ளியில் தினமும் ரிலீஃப் வகுப்புக்கே அனுப்பினார்களாம். வரைகலையும் மேடை அலங்காரமும் அவள் தலையில். பாடம் பற்றி எதைக் கேட்டாலும் "அதெல்லாம் உங்க விரிவுரைஞர்கிட்ட கேளுங்க" என்ற பதில்தான்.

இத்தனை அன்புக்கு நடுவிலும் நான்கு வாரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அந்தப் பள்ளியில் ஒரு முழுப் பாடத்தைக்கூட நான் பின்னால் உட்கார்ந்து பார்த்ததில்லை. கேட்டால் "ஐயோ, என் வகுப்புல என்னமா இருக்கு பாக்க" என்று சிரித்தபடியே நகர்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு வகுப்பறையின் கதவும் சாத்தியே இருந்தது. டேன் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் வெளியிட்ட ஒரு நூலில் பள்ளிகளை முட்டைத் தட்டோடு ஒப்பிட்டார். ஒவ்வொரு குழியிலும் ஒரு முட்டை, ஒன்றையொன்று தொடாது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த உவமைக்கு வயதாகவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார், அது உங்களைப் பற்றியது. பள்ளிக்கூடம் போன எல்லாரும் பல ஆண்டு ஆசிரியர்களைப் பார்த்தே வளர்கிறோம். அதனால் இந்த வேலை என்னவென்று நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நாம் பார்ப்பது மேடையை மட்டும்தான். ஆசிரியர் முந்தின இரவு எதை யோசித்தார், ஒரு கேள்வியை ஏன் மாற்றினார், பாடம் முடிந்ததும் எதை நினைத்து வருந்தினார் என்பதெல்லாம் மாணவர் கண்ணுக்குத் தெரியாது. பயிற்சிக் காலத்திலாவது திரைக்குப் பின்னால் போக முடியும் என்று நம்பித்தான் போனேன். அங்கே எனக்கு இன்னொரு மேடையைக் கொடுத்தார்கள்.

நான்காவது வாரம், மூன்றாம் ஆண்டுக் கணிதம். கழித்தல். 402இலிருந்து 178ஐக் கழிக்க வேண்டும். வெண்பலகையில் நிதானமாக விளக்கினேன். கழகத்தில் கற்ற எல்லாவற்றையும் செய்தேன்: பீடிகைக்கு ஒரு கதை, படிப்படியாக விளக்கம், குழு நடவடிக்கை. பிள்ளைகள் தலையாட்டினார்கள். பிறகு புத்தகங்களைத் திருத்த உட்கார்ந்தேன். 24 பேரில் 11 பேர் 376 என்று எழுதியிருந்தார்கள். சரியான விடை 224.

அன்றைய சிந்தனை மீட்சியில் என்ன எழுதினேன் தெரியுமா? "20/24 மாணவர்கள் பாட நோக்கத்தை அடைந்தனர். அடையாத மாணவர்களுக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது." பொய்தான். அந்தக் கோப்பை விரிவுரைஞர் பார்ப்பார், வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். பாதி வகுப்புக்குப் புரியவில்லை என்று என் கைப்படவே எழுதி அவர்களிடம் நீட்ட எனக்குத் துணிவு வரவில்லை. முன்பு பயிற்சிக்குப் போன அண்ணன்மார் அக்காமாரின் கோப்புகளைப் புரட்டியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லா நாளும் ஏறக்குறைய எல்லாரும் நோக்கத்தை அடைந்துவிடும் அதிசய வகுப்புகள் அவை.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. அதே பள்ளியில் என்னோடு இன்னொரு பயிற்சி ஆசிரியரும் இருந்தார், என் வகுப்புத் தோழி. விரிவுரைஞர் வருகிற வாரம், நான் இரவெல்லாம் வெட்டி லேமினேட் செய்த எண் அட்டைகளை அவள் கேட்டாள். "இன்னும் முடியலடி" என்றேன். முடிந்து என் பையில்தான் இருந்தன. ஒரே விரிவுரைஞர் எங்கள் இருவருக்கும் புள்ளி போடுகிறார் என்ற நினைப்பு எனக்குள் எதைச் செய்தது பாருங்கள்.

அந்த 376 கதைக்குத் திரும்புகிறேன். நான் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசை ஆசிரியை எட்டிப் பார்த்தார். மூன்றாம் ஆண்டின் இன்னொரு வகுப்பு அவருடையது. 20 ஆண்டுக்கு மேல் பணியில் இருப்பவர். நான் புத்தகத்தை மூடப் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் புத்தகக் கட்டிலிருந்து நான்கைந்தை எடுத்து விரித்து வைத்தார். எல்லாவற்றிலும் 376.

"ஒவ்வொரு வருஷமும் இதேதான் டீச்சர்," என்றார். "நடுவுல சுழியம் வந்துச்சுன்னா போச்சு. எனக்கும் இன்னும் புடிபடல."

20 ஆண்டு அனுபவம் உள்ளவர் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணிடம் "எனக்கும் புடிபடல" என்கிறார். அந்த வார்த்தை எனக்குள் எவ்வளவு இறுக்கத்தைத் தளர்த்தியது என்று எழுதிக் காட்ட முடியாது. அன்றைக்குப் பள்ளி முடிந்ததும் இருவரும் உட்கார்ந்தோம். முதலில் 376 எப்படி வருகிறது என்று பார்த்தோம். 4இலிருந்து 1 போனால் 3. அடுத்த இடத்தில் 0இலிருந்து 7 போகாது, அதனால் பிள்ளை 7இலிருந்து 0ஐக் கழிக்கிறது. கடைசியில் 2இலிருந்து 8 போகாது, எனவே 8இலிருந்து 2. எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறது. கவனக்குறைவு என்று நான் நினைத்தது உண்மையில் ஒரு விதி. பிள்ளைகள் அதை ஒழுங்காகவே பின்பற்றியிருந்தார்கள்.

நான் கழகத்தில் கற்றபடி ஐஸ்கிரீம் குச்சிகளைக் கட்டாகக் கட்டிச் செய்யலாம் என்றேன். பத்துக் குச்சி ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பெருங்கட்டு. "நல்ல யோசனைதான். ஒரு குழுவுக்கு 402 குச்சி. ஆறு குழு. எங்க போவீங்க?" என்று கேட்டார். இருவரும் சிரித்துவிட்டோம். அவர்தான் விளையாட்டுப் பணத்தைச் சொன்னார். நூறு ரிங்கிட், பத்து ரிங்கிட், ஒரு ரிங்கிட் தாள்கள். சிற்றுண்டிச் சாலையில் சில்லறை மாற்றத் தெரியாத பிள்ளையே இல்லை. பாடத்தை இருவரும் சேர்ந்து திட்டமிட்டோம். என் வகுப்பில் நான் நடத்துவது, அவருக்கு அந்தப் பாடவேளை ஓய்வு என்பதால் வந்து உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவானது.

அவர் வந்து பின்னால் உட்காரவில்லை. நடுவில் ஒரு குழுவுக்குப் பக்கத்தில் குட்டை நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பாடம் முழுவதும் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தக் குழுவின் மூன்று பிள்ளைகளின் கைகளையும் அவர்கள் எழுதுவதையுமே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ என் வகுப்பில் இருந்தும் எனக்குக் கை நடுங்காத முதல் பாடம் அது.

பாடம் முடிந்ததும் அவர் சொன்னது இது. ஒரு சிறுமி பணத்தைச் சரியாக மாற்றினாள். நூறு ரிங்கிட்டைக் கொடுத்துப் பத்து பத்து ரிங்கிட் தாள் வாங்கினாள், அதில் ஒன்றைக் கொடுத்துப் பத்து ஒரு ரிங்கிட் வாங்கினாள். கையில் 224 ரிங்கிட் சரியாக மிஞ்சியது. பிறகு புத்தகத்தைத் திறந்து 376 என்று எழுதினாள். ஏன் என்று அவர் மெதுவாகக் கேட்டிருக்கிறார். பிள்ளை சொன்ன பதில்: "சுழியத்துக்கிட்டதான் ஒண்ணுமே இல்லையே டீச்சர். அதுக்கிட்ட எப்படிக் கடன் கேக்குறது?"

நான் பாடம் முழுவதும் "பக்கத்து வீட்டுல கடன் வாங்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் அப்படித்தான் படித்தேன். ஆசிரியையும் அந்தச் சொல்லைத்தான் 20 ஆண்டாகச் சொல்லி வருகிறார். பணத்தை மாற்றும்போது பிள்ளைக்குப் புரிந்தது, தாளில் எழுதும்போது "கடன்" குறுக்கே நின்றது. இல்லாதவரிடம் கடன் கேட்கக் கூடாது என்ற அந்தப் பிள்ளையின் நியாயத்தில் என்ன தவறு? ஆசிரியை வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "இவ்வளவு நாளா எத்தனை பிள்ளைங்ககிட்ட இதைச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அடுத்த நாள் அவருடைய வகுப்பில் அவர் நடத்தினார், நான் குட்டை நாற்காலியில். "கடன்" போய் "மாற்று" வந்தது. ஒவ்வொரு முறை தாளை மாற்றியதும் அதை உடனே புத்தகத்திலும் எழுத வேண்டும் என்று சேர்த்துக்கொண்டோம். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. அப்போதும் ஐந்து பேருக்குத் தவறித்தான் போனது. ஆனால் அந்த ஐந்து பேரும் எந்த இடத்தில் தடுக்கினார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

நாங்கள் தெரியாமல் செய்ததற்கு ஜப்பானில் ஒரு பெயர் இருக்கிறது: ஜுக்யோ கென்க்யூ, பாட ஆய்வு. நூறாண்டுக்கு மேலான வழக்கம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் மாணவர்களைக் கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசித் திருத்துவார்கள். தேவைப்பட்டால் இன்னொரு வகுப்பில் மறுபடியும் நடத்துவார்கள். பாடம் எல்லாரும் சேர்ந்து செய்தது என்பதால் அது தோற்றால் நடத்தியவர் மட்டும் தோற்றதாக ஆகாது.

நம் நாட்டிலும் இது புதிதில்லை. பள்ளிகளில் பி.எல்.சி. என்ற பெயரில் ஆசிரியர்கள் ஒன்றாகக் கற்கும் திட்டத்தைக் கல்வியமைச்சு பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. பாட ஆய்வும் அதில் ஒரு வழிமுறை. ஆனால் நான் பார்த்த பி.எல்.சி. கோப்புகள் எப்படி இருந்தன என்றால், நான்கு ஆசிரியர்கள் ஒரு மடிக்கணினியைப் பார்த்துச் சிரிப்பது போல ஒரு படம், கீழே தேதி, வருகைப் பட்டியல், கையெழுத்து. ஆண்டி ஹார்கிரீவ்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் இப்படி மேலிருந்து உத்தரவாக வருகிற ஒற்றுமையை உண்மையான கூட்டுழைப்பிலிருந்து பிரித்துக் காட்டினார். படம் எடுத்த நான்கு பேரில் யாரும் யாருடைய வகுப்புக்குள்ளும் போயிருக்க வேண்டியதில்லை.

ஜூடித் வாரன் லிட்டில் என்பவர் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்று எனக்கு இன்னும் பிடித்தது. ஆசிரியர்களுக்கிடையே நடப்பதை அவர் நான்காகப் பார்த்தார்: கதை பேசுவது, கேட்டால் உதவுவது, பொருள்களைப் பகிர்வது, சேர்ந்து வேலை செய்வது. முதல் மூன்றும் எவ்வளவு நடந்தாலும் கதவு சாத்தியபடியே இருக்க முடியும். நான்காவதில்தான் ஒருவருடைய முடிவு இன்னொருவரையும் கட்டுப்படுத்துகிறது. இதைப் படித்தபோது நாசி லெமாக்கும் விரலியும் எனக்கு நினைவுக்கு வந்தன. அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்த அன்பு இல்லாவிட்டால் மூன்றாவது வாரமே அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனாலும் கழித்தலில் எனக்கிருந்த சிக்கலை அவை தீர்க்கவில்லை.

"ஆசிரியர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இணையத்தில் பதிய வேண்டிய தரவுகள், போட்டிகள், விளையாட்டுப் பயிற்சி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என்று அவர்கள் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். எனக்கும் அந்த ஆசிரியைக்கும் கிடைத்தது ஒரு மாலையும் இரண்டு பாடவேளையும். 12 வாரத்தில் அவ்வளவுதான். அதற்கே அவர் தன் ஓய்வுப் பாடவேளையை விட வேண்டியிருந்தது. அட்டவணையில் இதற்கென்று இடம் ஒதுக்காமல் ஆசிரியரின் நல்ல மனத்தை மட்டும் நம்பினால் நல்ல மனமுள்ளவர் பக்கத்து மேசையில் அமர்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும்.

இதைவிடக் கடினமான தடை ஒன்று இருக்கிறது. நாம் பெரியவர்களை மதித்து வளர்ந்தவர்கள். "உங்கள் பாடத்தில் இந்த இடத்தில் பிள்ளைகளுக்குப் புரியவில்லை" என்று மூத்த ஆசிரியரிடம் 22 வயதுப் பெண் சொல்ல முடியுமா? என்னால் முடிந்திருக்காது. நான் சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை, அந்தச் சிறுமியே சொல்லிவிட்டாள். பிள்ளைகள் சொன்னதையும் எழுதியதையும் நடுவில் வைத்துப் பேசினால் யாருடைய மரியாதைக்கும் குறைவு வராது என்பதை அன்று பார்த்தேன். அதே போல, "எனக்கும் புடிபடல" என்று முதலில் சொல்ல வேண்டியவர் மூத்தவர்தான். இளையவர் சொன்னால் அது திறமைக் குறைவாகப் பதிவாகும்.

எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்துமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைவான தமிழ்ப்பள்ளிகள் பல இருக்கின்றன. அங்கே ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்பு. மூன்றாம் ஆண்டுக்கு இன்னொரு கணித ஆசிரியர் கிடையாது. அப்படிப்பட்ட பள்ளியில் இரண்டாம் ஆண்டு ஆசிரியரும் மூன்றாம் ஆண்டு ஆசிரியரும் சேர்ந்து அதே கழித்தலைப் பார்க்கலாம். 376இன் வேர் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதாவது தெரியும்.

என் கருத்து இதுதான். பயிற்சிக் காலத்தில் பார்வையிடப்படும் பாடங்களில் ஒன்றையாவது வழிகாட்டி ஆசிரியரும் பயிற்சி ஆசிரியரும் சேர்ந்து திட்டமிட்டு, இருவரும் ஆளுக்கொரு முறை நடத்த வேண்டும். அதற்குப் புள்ளி வேண்டாம். எத்தனை பிள்ளைகளுக்கு எங்கே தவறியது, அடுத்த முறை எதை மாற்றினார்கள் என்று இருவரும் எழுதிக் கொடுத்தால் போதும். ஒரே பள்ளிக்குப் போகும் இரண்டு பயிற்சி ஆசிரியர்களையும் இதில் சேர்த்துவிடலாம். அப்போது எண் அட்டைகளைப் பையில் மறைக்கத் தேவை இருக்காது. முதல் வாரத்தில் பயிற்சி ஆசிரியரை உடனே வகுப்பில் நிறுத்தாமல், அனுபவமுள்ளவர் ஒருவரின் சாதாரண நாள் பாடத்தைப் பார்க்க விட வேண்டும். நல்ல நாளாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தாதியர், பொறியியல் துறைகளில் பயிற்சிக்குப் போகும் நண்பர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள், அது தனிக் கதை.

எட்டாவது வாரம் விரிவுரைஞர் வந்தபோது, முந்தின வாரப் பாடக்குறிப்பு ஒன்றில் "15/24" என்று எழுதி வைத்திருந்தேன். கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. அவர் அந்த எண்ணில் நிறுத்தி, "ஏன் இவ்வளவு குறைவு?" என்று கேட்டார். பிள்ளைகளின் புத்தகங்களை எடுத்து வந்து காட்டினேன். 376, கடன், சில்லறை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புள்ளிப்பாரத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பத்து நிமிடம் புத்தகங்களையே புரட்டினார். பிறகு, "அந்தப் பிள்ளை இப்ப எப்படிச் செய்றா?" என்றார்.

எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஓய்வு மணி அடித்ததும் சிற்றுண்டிச் சாலையில் அவளைத் தேடிப் போனேன். வரிசையில் நின்றிருந்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியையும் என் தோழியும் வந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு கழித்தல் கணக்கை யோசித்துக்கொண்டு.